சர்வர் நிரல்களுக்கு இடையே செய்தி அனுப்ப லைப்ரரி தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒரு சர்வரில் ஓடும் நிரல் இன்னொரு சர்வரில் ஓடும் நிரலுக்குச் செய்தி அனுப்ப வேண்டிய தேவை எழுந்ததும், எந்த லைப்ரரி வேகமானது என்று தேடுவதே பலரின் வழக்கம். வேகத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். செய்தி புறப்படும் நேரத்தில் பெறும் நிரல் நின்றுபோயிருந்தால் அந்தச் செய்தி என்ன ஆக வேண்டும் என்பதே முதலில் விடை காண வேண்டிய கேள்வி.

படி 1. உங்கள் நிரல்கள் பரிமாறிக்கொள்ளும் செய்திகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்தக் கேள்விக்கான விடையைக் குறியுங்கள். கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் கோரிக்கைக்கு உடனே பதில் வேண்டும். பணம் செலுத்தப்பட்ட தகவல் தாமதமாகலாம், தொலையக் கூடாது. நொடிக்கொரு முறை வரும் சிபியு சுமை அளவு தொலைந்தாலும் அடுத்த நொடியில் புதியது வந்துவிடும்.

படி 2. உடனடிப் பதில் தேவைப்படும் இடத்தில், கூகுள் 2015-இல் வெளியிட்ட ஜிஆர்பிசி பொருந்தும்; ஒரு நிரல் இன்னொரு நிரலின் செயல்பாட்டை நேரடியாக அழைத்துப் பதில் பெற உதவுவது இது. பதிலுக்கான காலக்கெடுவை நீங்களே குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் அழைத்த நிரல் வராத பதிலுக்காக முடிவின்றிக் காத்திருக்கக்கூடும்.

படி 3. தொலையக் கூடாத செய்திக்கு, நடுவில் நின்று வாங்கி வைத்துக்கொள்ளும் புரோக்கர் தேவை. தொடக்கநிலையாளருக்கு நான் பரிந்துரைப்பது ராபிட்எம்கியூ. ஆனால் அதை நிறுவிவிட்டதாலேயே செய்தி பாதுகாப்பாகிவிடாது. புரோக்கர் நின்று மீண்டும் எழும்போதும் செய்தி இருக்க வேண்டுமானால், க்யூவை (செய்திகள் காத்திருக்கும் வரிசையை) நிலையானதாக அறிவிப்பதோடு ஒவ்வொரு செய்தியையும் நிலைத்திருக்கும் வகையாகக் குறிக்க வேண்டும். அனுப்பும் நிரலும் புரோக்கரின் உறுதிப்பாடு வந்த பிறகே செய்தி சேர்ந்ததாகக் கொள்ள வேண்டும். பெறும் நிரல், வேலையை முடித்த பின்னரே ஒப்புகை (செய்தியைக் கையாண்டுவிட்டேன் என்ற தகவல்) அனுப்ப வேண்டும். வேலை முடிந்து ஒப்புகை போவதற்குள் அது நின்றுவிட்டால் அதே செய்தி மறுபடியும் வரும் என்பதால், ஒவ்வொரு செய்திக்கும் தனி அடையாள எண் கொடுத்து, ஏற்கெனவே முடித்த எண்ணைத் தவிர்க்கும்படி எழுதுங்கள். பணம் இரண்டு முறை கழிவதைத் தடுப்பது இந்தச் சிறு சோதனைதான்.

படித்த செய்தியையே பின்னர் வேறு நிரல்களும் தொடக்கத்திலிருந்து படிக்க வேண்டுமானால் அப்பாச்சி காஃப்காவைப் பாருங்கள். அது படித்தவுடன் செய்தியை நீக்குவதில்லை. இயல்பமைப்பில் 7 நாட்கள் வைத்திருக்கும். செய்திகளின் வரிசை ஒரு பார்ட்டிஷனுக்குள் (செய்திகள் பிரித்து வைக்கப்படும் ஒரு பகுதிக்குள்) மட்டுமே காக்கப்படும். இரண்டு மூன்று நிரல்களுக்குக் காஃப்கா தேவைக்கு மீறிய சுமை.

படி 4. தொலைந்தாலும் பரவாயில்லை என்று குறித்தவற்றுக்கு ஜீரோஎம்கியூ போதும். இது புரோக்கர் இன்றி, உங்கள் நிரலுக்குள்ளேயே இயங்கும் லைப்ரரி. ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் அதன் பப் சாக்கெட், பெறுபவர் ஒருவருக்கான வரிசை நிரம்பியதும் (இயல்பளவு 1000 செய்திகள்) அவருக்குரிய புதிய செய்திகளைச் சத்தமின்றிக் கைவிட்டுவிடும். சுமை அளவுக்கு இது ஏற்றது, பணத் தகவலுக்கு ஆகாது.

படி 5. தேர்ந்தெடுத்ததைச் சோதியுங்கள். 1 முதல் 10,000 வரை எண்ணிட்ட செய்திகளை அனுப்பத் தொடங்கி, பாதியில் பெறும் நிரலைக் கில் கட்டளையால் வலிந்து நிறுத்தி, மீண்டும் தொடங்குங்கள். எந்த எண்கள் விடுபட்டன, எவை இரண்டு முறை வந்தன என்று பார்த்து, படி 1-இல் எழுதிய தாளோடு ஒப்பிடுங்கள். பிறகு புரோக்கரையும் அவ்வாறே நிறுத்திப் பாருங்கள். இரண்டிலும் தேறிய பின், அதே அமைப்பில் வேகத்தை அளந்துகொள்ளுங்கள்.