குறைந்த செலவில் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு மாற்று நெக் தேர்ந்தெடுத்தல்

எல்லா எலெக்ட்ரிக் கிட்டாரிலும் நெக்கை, அதாவது கம்பிகளை அழுத்தி வாசிக்கும் நீண்ட கழுத்துப் பகுதியை, எளிதாக மாற்றிவிட முடியாது. கிப்ஸன் லெஸ் பால் போன்றவற்றில் நெக் பசையால் ஒட்டப்பட்டிருப்பதால், அதைப் பிரிப்பது கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை; செலவும் அதற்கேற்ப இருக்கும். லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1954-இல் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரிலோ நெக் நான்கு திருகுகளால் மட்டுமே பாடியோடு (உடற்பகுதியோடு) முடுக்கப்பட்டிருக்கிறது. விலை மலிவான கிட்டார்களில் பெரும்பாலானவை அந்த அமைப்பைப் பின்பற்றியவை என்பதால், இங்கே அந்த வகையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

புதிய நெக்குக்குப் பணம் எடுத்து வைப்பதற்கு முன்னால், பழையது உண்மையிலேயே பயனற்றுப் போய்விட்டதா என்று பார்த்துவிட வேண்டும். தடித்த ஆறாம் கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் (ஃப்ரெட் என்பது நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு ஏழாம், எட்டாம் ஃப்ரெட்டுகளுக்கு மேலே பாருங்கள்; அங்கே ஏறத்தாழ 0.2 அல்லது 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் நெக் நலமாகவே இருக்கிறது. அதைவிட மிகுதியாகவோ, இடைவெளியே இல்லாமலோ இருந்தால், ட்ரஸ் ராடை (நெக்குக்குள் ஓடும், அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டை) ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருப்பிப் பாருங்கள். ட்ரஸ் ராட் முறிந்துவிட்டது, அதன் மறை தேய்ந்துவிட்டது, அல்லது நெக் நீளவாக்கில் முறுக்கிக்கொண்டுவிட்டது என்றால்தான் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

மாற்று நெக்கில் பார்க்க வேண்டிய முதல் அளவு ஸ்கேல் நீளம்: நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் படியும் பட்டை), பிரிட்ஜ் (பாடியில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) இரண்டுக்கும் இடையே அதிரும் கம்பியின் நீளம். நட்டிலிருந்து பன்னிரண்டாம் ஃப்ரெட் வரையுள்ள தூரத்தை அளந்து இரண்டால் பெருக்கினால் அது கிடைத்துவிடும். ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகையில் அந்தத் தூரம் 324 மில்லிமீட்டர், ஆகவே ஸ்கேல் 648. கிப்ஸன் வகையில் ஸ்கேல் ஏறத்தாழ 628. பிரிட்ஜில் கம்பிகள் படியும் சிறு துண்டுகளான சேடில்கள் முன்னும் பின்னும் சில மில்லிமீட்டர் மட்டுமே நகரும் என்பதால், இருபது மில்லிமீட்டர் வேறுபாட்டை அவற்றால் ஈடுகட்ட முடியாது. கம்பியைத் திறந்து மீட்டும்போது சுருதி சரியாக இருந்தாலும், ஃப்ரெட் ஏற ஏறச் சுருதி விலகிக்கொண்டே போகும். ஃபெண்டர் வகை பாடிக்கென்றே கணக்கிட்டுச் செய்யப்படும் குறுகிய ஸ்கேல் நெக்குகள் விதிவிலக்கு. 21 ஃப்ரெட்டா, 22 ஃப்ரெட்டா என்பது இதில் சேராது. கூடுதல் ஃப்ரெட் பாடியில் நெக் உட்காரும் குழிக்கு வெளியே நீண்டிருக்கும் பலகையில் அமைவதால் ஸ்கேல் மாறுவதில்லை; பிக்கார்டை (பாடியின் முகப்பை மூடும் தகட்டை) கழற்றும் போதெல்லாம் நெக்கையும் கழற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது நெக்கின் அடிப்பகுதியான ஹீல். ஃபெண்டர் அளவில் அதன் அகலம் ஏறத்தாழ 56 மில்லிமீட்டர், பாடியில் உள்ள குழியின் ஆழம் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர். ஸ்ட்ராட் ஹீலின் முனை வளைந்திருக்கும், ஃபெண்டரின் மற்றொரு மாடலான டெலிகாஸ்டர் ஹீலின் முனை நேராக இருக்கும். நேரான முனை வளைந்த குழிக்குள் உட்காராது. விலை குறைந்த கிட்டார்கள் பார்வைக்கு ஸ்ட்ராட் போலவே இருந்தாலும் குழியின் அளவில் வேறுபடக்கூடும். ஆகையால் விளம்பரத்தில் 'ஸ்ட்ராட்டுக்குப் பொருந்தும்' என்று இருப்பதை மட்டும் நம்பாமல், பழைய நெக்கைக் கழற்றி, குழியின் அகலம், ஆழம், ஹீலின் தடிமன் மூன்றையும் வெர்னியர் காலிப்பரால் அளந்து எழுதி வைத்துக்கொண்டு, விற்பவரிடம் அதே மூன்று எண்களைக் கேளுங்கள். எண்களைத் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம் என்பதே என் முடிவு.

திருகுத் துளைகள் முன்பே போடப்பட்ட ஹீல் வசதியாகத் தோன்றும். ஆனால் உங்கள் பாடியின் துளைகளோடு அவை ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தாலும், கடினமான மரக்குச்சியைப் பசையோடு அடித்து அடைத்துவிட்டு மறுபடி துளைக்க வேண்டியிருக்கும். புதிய நெக் வாங்குவதானால் துளையிடாத ஹீலையே தேர்ந்தெடுங்கள்.

கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் ட்யூனரின் துளையைப் பலர் கவனிப்பதில்லை. இக்கால மூடிய ட்யூனர்களுக்கு 10 மில்லிமீட்டர் துளையும், பழைய பாணி ட்யூனர்களுக்கு 8.7 மில்லிமீட்டரை ஒட்டிய துளையும் வேண்டும். கையில் உள்ள ட்யூனர்களையே பயன்படுத்தினால் கணிசமான தொகை மிஞ்சும் என்பதால், அவற்றுக்கு ஏற்ற துளையுள்ள நெக்கைத் தேடுவது நல்லது. நட்டின் அகலம் 42 அல்லது 43 மில்லிமீட்டர் இருக்கும். ஃப்ரெட்டுகள் பதிந்த பலகையான ஃப்ரெட்போர்டின் வளைவு 7.25, 9.5, 12 அங்குல ஆரங்களில் கிடைக்கும். இவை கையின் பழக்கத்தைச் சேர்ந்தவை.

மரத்தைப் பற்றி வாங்குபவர்கள் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். இந்தியன் ரோஸ்வுட் என்று கிட்டார் உலகம் போற்றுவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம்தான். 2017-இல் அதன் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, கிட்டார் நிறுவனங்கள் பல வேறு மரங்களை நாடின. முழுமையாக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு 2019 இறுதியில் விலக்குக் கிடைத்தது. மலிவான நெக்குகளில் இந்தியன் லாரல் என்ற பெயரில் வருவது நம் கருமருது. அதை மட்டமான மரம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. மேப்பிள் ஃப்ரெட்போர்டு மட்டும் பூச்சில்லாமல் வந்தால் அழுக்கையும் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். பூச்சுக்கான செலவையும் உழைப்பையும் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

பணம் உண்மையில் போய்ச் சேரும் இடம் ஃப்ரெட் வேலை. மலிவான நெக்கில் ஃப்ரெட்டுகள் ஏற்றத்தாழ்வாக இருக்கும், முனைகள் விரலைக் கீறும், நட்டில் கம்பிகளுக்கான வெட்டு இருக்காது. இவற்றைச் சீர்செய்யப் பழுதுபார்ப்பவர் கேட்கும் கூலியை நெக்கின் விலையோடு கூட்டிப் பார்த்தால், சற்று விலை கூடிய நெக்கே மலிவாக முடிவது உண்டு. பழைய கிட்டாரிலிருந்து கழற்றி, ட்யூனர்களோடு விற்கப்படும் நெக்கை நான் முதலில் பரிந்துரைப்பது இதனால்தான்: அதன் நட் வெட்டப்பட்டிருக்கும், ஃப்ரெட்டுகள் வாசிக்கப்பட்டிருக்கும், மரம் வளைவதாக இருந்தால் இதற்குள் வளைந்திருக்கும்.

நெக் கைக்கு வந்ததும், திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். ஹீல் பக்கமிருந்து கண்ணை ஒட்டிப் பார்த்தால் முறுக்கு தெரியும். மூன்று ஃப்ரெட்டுகளின் மேல் மட்டும் படும்படி ஒரு சிறிய எஃகுப் பட்டையை வைத்து ஆட்டினால், நடுவில் உயர்ந்து நிற்கும் ஃப்ரெட் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ட்ரஸ் ராட் தடையில்லாமல் திரும்புகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பொருத்தும்போது, துளை போடுவதற்கு முன் நெக்கைக் குழியில் வைத்து கிளாம்பால் பிடித்து, இரண்டு ஓரச் சேடில்களிலிருந்து நட்டின் ஓர வெட்டுகள் வரை நூல் கட்டுங்கள். இரு நூல்களும் ஃப்ரெட்போர்டின் விளிம்பிலிருந்து ஒரே தொலைவில் ஓடும்வரை நெக்கை நகர்த்தி, பாடியின் துளை வழியே ஹீலில் குறியிட வேண்டும். நான் ஒருமுறை இந்த நூலைக் கட்டாமல் துளைத்துவிட்டு, முதல் கம்பி விளிம்பைத் தாண்டிச் சரிவதைப் பார்த்து, நான்கு துளைகளையும் அடைத்து மீண்டும் தொடங்கினேன். மேப்பிள் கடினமான மரம் என்பதால் 3.2 மில்லிமீட்டர் அலகால், ஆழத்தை டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு துளையிட்டு, திருகுகளில் சோப்பைத் தேய்த்து முடுக்குங்கள். கம்பிகளைச் சுருதிக்கு ஏற்றி ஒரு நாள் அப்படியே விட்டு, இழுவிசைக்கு நெக் பழகிய பிறகே ட்ரஸ் ராடைத் தொட வேண்டும்.