பேஸ்பால் வீரரின் ஆட்ட வாழ்க்கையை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் ஒரு பேஸ்பால் வீரரின் புள்ளிவிவரங்களைப் படிக்கும்போது முதலில் இடறுவது சராசரியில்தான். கிரிக்கெட்டில் சராசரி என்பது ஒரு விக்கெட்டுக்கு எடுத்த ரன்கள்; பேஸ்பாலில் அது, பேட் பிடித்த வாய்ப்புகளில் எத்தனை ஹிட்டாக (பந்தை அடித்துவிட்டு, ரன்னுக்காகச் சுற்றிவரும் நான்கு நிலைகளான பேஸ்களில் ஒன்றையாவது அவுட் ஆகாமல் அடைவது) மாறின என்ற விகிதம். .300 என்றால் பத்துக்கு மூன்று. ஆண்டுக்கணக்கில் அதைக் காப்பவர் முதல் தரமான பேட்டர். அந்த ஒற்றை எண்ணோடு நின்றுவிடவும் கூடாது, ஏனெனில் அடிக்கத்தக்கதாக வரையறுத்த பகுதிக்கு வெளியே வரும் நான்கு பந்துகளைத் தொடாமல் விட்டு முதல் பேஸுக்கு நடந்து செல்லும் 'வாக்' அதில் சேராது. டெட் வில்லியம்ஸின் வாழ்நாள் சராசரி .344; அவர் பேஸை அடைந்த விகிதமோ .482.

இதைவிடப் பெரிய தவறு, பந்து வீசுபவரான பிட்சரை வெற்றி தோல்விக் கணக்கால் எடைபோடுவது. தொடக்கப் பிட்சரின் பெயரில் வெற்றி எழுதப்பட, அவர் குறைந்தது ஐந்து இன்னிங்ஸ் வீசி, அணி முன்னணியில் இருக்கும்போது விலகி, அந்த முன்னணி கடைசிவரை குலையாமல் இருக்க வேண்டும். எட்டு இன்னிங்ஸில் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் 1-0 என்ற நிலையில் அவர் விலகிய பிறகு, அடுத்து வந்தவர் ஒரு ரன்னை விட்டுவிட்டால், ஆட்டத்தை அணியே வென்றாலும் தொடக்கப் பிட்சருக்கு வெற்றி கிடையாது. முன்னணியைப் பறிகொடுத்தவர் பெயரிலேயே அந்த வெற்றி எழுதப்படுவதும் உண்டு. 2018 இல் நியூயார்க் மெட்ஸ் அணியின் ஜேக்கப் டிகிராம் 217 இன்னிங்ஸ் வீசி, ஃபீல்டர்களின் பிழையால் வந்தவற்றைக் கழித்தால் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.70 ரன்கள் மட்டுமே கொடுத்தார். அவர் கணக்கில் சேர்ந்தவை 10 வெற்றிகளும் 9 தோல்விகளும். சக பேட்டர்கள் ரன் எடுக்காதது அவர் குற்றமன்று. நல்லவேளையாக வாக்களித்த எழுத்தாளர்கள் இதை உணர்ந்திருந்தார்கள். ஆண்டின் சிறந்த பிட்சருக்குத் தரப்படும் சை யங் விருதுக்கான 30 முதலிட வாக்குகளில் 29 அவருக்கே விழுந்தன.

இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் தேர்வான இடத்தை வைத்து எதிர்காலத்தைக் கணிப்பதும் ஏமாற்றும். கென் கிரிஃபி ஜூனியர் 1987 இல் முதல் ஆளாகத் தேர்வானார். மைக் பியாட்ஸா மறு ஆண்டு 62ஆவது சுற்றில், 1,390ஆவது ஆளாகத் தேர்வானார். இருவரும் 2016 இல் ஒன்றாகவே, தலைசிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்தார்கள். முழங்கைக் காயத்தோடு ஒரு பிட்சரின் கதை முடிந்தது என்று எழுதுவதும் அவசரமே: 1974 இல் தசைநார் மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட டாமி ஜான், அதன் பின்னும் 1989 வரை ஆடினார்.

என் மனத்தை மிகவும் வருத்துவது, அமெரிக்காவின் உச்சநிலைத் தொடரான மேஜர் லீகில் ஆடிய ஆண்டுகளை மட்டுமே ஒருவரின் ஆட்ட வாழ்க்கையாகக் கொள்ளும் பழக்கம். இச்சிரோ சுஸுகி 2001 இல் அமெரிக்காவின் சியாட்டில் அணிக்கு வந்தபோது அவருக்கு வயது 27. ஜப்பானில் 1,278 ஹிட்டுகளை ஏற்கெனவே அடித்திருந்தார். அவற்றை அமெரிக்காவில் அடித்த 3,089 உடன் கூட்டி, மேஜர் லீக் ஹிட் சாதனையாளர் பீட் ரோஸின் 4,256 ஐ முந்திவிட்டார் என்று முடித்துவிடுவது சரியன்று, இரு லீகுகளின் தரமும் ஆட்ட எண்ணிக்கையும் வேறு. ஆனால் அந்த ஒன்பது பருவங்களை இல்லாதவையாக நடத்துவது அதைவிட அநீதி. கறுப்பினப் பிட்சர் சாட்சல் பெய்ஜ் மேஜர் லீகில் முதன்முதலாகப் பந்து வீசியது 1948 இல், 42 வயதில். தாமதத்துக்குக் காரணம் திறமைக் குறைவன்று, கறுப்பின வீரர்களைப் பல்லாண்டுகள் வெளியே நிறுத்திய நிறவெறி. ஜாக்கி ராபின்சன் அந்தத் தடையை உடைத்த 1947 ஏப்ரலுக்கு மூன்று மாதங்கள் முன்பே கறுப்பினப் பேட்டர் ஜாஷ் கிப்சன் இறந்துபோனார். கறுப்பின வீரர்கள் தனியாக ஆடிய நீக்ரோ லீகுகளின் புள்ளிவிவரங்கள் 2024 இல் மேஜர் லீக் பதிவுகளில் அதிகாரபூர்வமாகச் சேர்க்கப்பட்டபோது, கிப்சனின் .372 வாழ்நாள் சராசரி டை காப்பின் .367 ஐத் தாண்டி முதலிடம் பெற்றது. அதற்கு முந்தைய பட்டியல்களில் காப்பின் பெயரே முதலில் இருக்கும் என்பதால், அச்சான ஆண்டைப் பார்க்காமல் அவற்றிலிருந்து எடுத்தெழுதக் கூடாது.