மத்தியான வெய்யிலுக்கு ஒரு கூரை: பிள்ளைகளோடு ஊருக்குப் போகிறவர்கள் தடாகம் உள்ள ஹோட்டல் பார்ப்பது எப்படி

ஊருக்குப் போனால் சொந்தக்காரர் வீட்டில் நிற்பது ஒரு பக்கம். நடுவில் நகரத்தில் தங்க வேண்டிய மூன்று நாலு நாள் இன்னொரு பக்கம். சென்னையில் கலியாணச் சாமான் வாங்க வேண்டும், மதுரையில் கோயில் பார்க்க வேண்டும், கொழும்பில் காணிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ் என்று கந்தோர் கந்தோராக ஏறி இறங்க வேண்டும். ஹோட்டல் தேவைப்படுவது இந்த நாட்களுக்குத்தான். பெரியவர்களுக்கு அது படுத்து எழும்ப ஓர் இடம். பிள்ளைகளைக் கேட்டால் ஹோட்டல் என்றால் நீச்சல் தடாகம், மற்றதெல்லாம் பிறகு. இந்த விஷயத்தில் நான் பிள்ளைகளின் கட்சி.

காரணம் மத்தியானம். மீனாட்சி அம்மன் கோயில் நண்பகல் 12.30 மணியளவில் நடை சாத்தினால் பின்னேரம் 4 மணிக்குத்தான் திறக்கும். தமிழ்நாட்டின் பெரும்பாலான கோயில்கள் இப்படித்தான். கந்தோரில் மதியச் சாப்பாட்டு நேரம். கடைத்தெருவில் வெய்யில் மண்டையைப் பிளக்கும். இதற்குள் லண்டனில், பாரிஸில் இருந்து வந்த பிள்ளைகளுக்கு முதல் சில நாட்கள் இரவு இரண்டு மணி வரை நித்திரை வராது, காலையில் பதினொரு மணிக்கு முன் எழும்பவும் மாட்டார்கள். ஆக, பன்னிரண்டு மணியில் இருந்து நாலு மணி வரை உள்ள பெரிய ஓட்டையை எதைப் போட்டு அடைப்பது என்பதுதான் குடும்பத்தோடு நகரத்தில் நிற்பவர்களின் உண்மையான கேள்வி. தடாகம் அதை அடைக்கும். ஆனால் எல்லாத் தடாகமும் அதற்கு உதவாது. அந்த நேரத்தில் மொட்டை மாடித் தடாகத்துக்குப் போய்ப் பாருங்கள். தரை ஓட்டில் கால் வைக்க முடியாது, சூரியன் நேரே உச்சியில் நிற்கும், அரை மணி நேரத்தில் பிள்ளையின் தோள் சிவந்துவிடும். அதனால்தான் கூரை முக்கியம்.

இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். குளிருக்காகச் சுவர் எழுப்பி, கண்ணாடி போட்டு, வெந்நீர் விட்டுக் கட்டிய ஐரோப்பிய வகை உள்ளரங்கத் தடாகம் நம் ஊர் நகரங்களில் மிகக் குறைவு. அதற்கு அங்கே தேவையும் இல்லை. பதிவுத் தளங்களில் ‘உள்ளரங்கத் தடாகம்’ என்று குறி போட்டிருப்பதை நம்பிப் போனால், சில இடங்களில் உடற்பயிற்சி அறைக்குப் பக்கத்தில் நாலு பேர் நின்றாலே நிரம்பிவிடும் தொட்டி இருக்கும். சில இடங்களில் மேல்மாடி நீட்டிக்கொண்டு நிற்க, அதன் கீழே மூன்று பக்கமும் திறந்தபடி தடாகம் இருக்கும். என்னைக் கேட்டால் இரண்டாவது வகைதான் எல்லாவற்றிலும் நல்லது. தலைக்கு மேலே நிழல், பக்கத்தில் இருந்து காற்று, மழை பெய்தாலும் பிள்ளைகளை வெளியே கூப்பிட வேண்டியதில்லை. இடி மின்னல் என்றால் மட்டும் ஏற்றிவிட வேண்டும், கூரை இருந்தாலும்.

முழுக்க மூடிய தடாகத்தில் இரண்டு குறை உண்டு. வெய்யில் படாததால், சூடாக்கி இல்லாவிட்டால் தண்ணீர் எதிர்பார்ப்பதை விடக் குளிராக இருக்கும். இரண்டாவது காற்று. உள்ளே போனதும் குளோரின் வாடை மூக்கில் ஏறினால் ‘நன்றாக மருந்து போட்டிருக்கிறார்கள், சுத்தமான தண்ணீர்’ என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மை வேறு. சுத்தமான தடாகத்தில் வாடை பெரிதாக வராது. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேரும்போது உண்டாகும் குளோரமைன்தான் அப்படி மணக்கிறது, கண்ணையும் எரிய வைக்கிறது. மூடிய அறையில் அது வெளியேற வழியில்லை. ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் வாடை அடிக்கிற தடாகத்தில் இறக்காதீர்கள்.

தண்ணீரைப் பார்க்க இன்னொரு வழியும் உண்டு. ஆழமான பக்கத்தில் கரையில் நின்று குனிந்து பாருங்கள். அடியில் தண்ணீர் வெளியேறும் சல்லடை மூடி இருக்கும். அதன் கம்பிகள் ஒவ்வொன்றாகத் தெளிவாகத் தெரிந்தால் சரி. கம்பிகள் தெரியாமல், அங்கே ஒரு மூடி இருக்கிறது என்று மட்டும் மங்கலாகத் தெரிந்தால் அன்றைக்கு வேண்டாம். அப்படிக் கலங்கிய தண்ணீருக்குள் ஒரு பிள்ளை மூழ்கிக் கிடந்தாலும் கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது, கிருமி என்பது அதற்குப் பிறகுதான். கை வைத்துச் சுவரையும் தடவிப் பாருங்கள், வழுவழு என்றிருந்தால் பாசி. நல்ல ஹோட்டல்களில் தடாகத்தைப் பார்க்கிற பையனிடம் சோதனைக் குப்பி ஒன்று இருக்கும். கேட்டால் காட்டுவான். குளோரின் லீட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 7.2 முதல் 7.8 வரை. இந்த இரண்டு எண்ணையும் ஒவ்வொரு நாளும் எழுதி ஒட்டியிருக்கிற இடம் என்றால் நம்பி இறங்கலாம்.

இனி ஹோட்டலைப் படத்தில் பார்த்துத் தெரிவு செய்கிற வேலை. ஹோட்டல்காரர் போடுகிற படம் எப்போதும் பின்னேரத்தில், விளக்குப் போட்டு எடுத்தது. அதில் வடிவு தெரியும், வெய்யில் தெரியாது. தங்கிப்போனவர்கள் போட்ட படங்களைத் தேடுங்கள். பிறகு செய்மதி வரைபடத்தில் கட்டடத்தை மேலிருந்து பாருங்கள். நீல நிறத் தடாகம் வரைபடத்தில் தெரிந்தாலே அதற்குக் கூரை இல்லை என்று அர்த்தம். அப்படியென்றாலும் உடனே தள்ளிவிட வேண்டாம். தடாகம் உயரமான கட்டடத்தின் கிழக்குப் பக்கம் இருந்தால் இரண்டு இரண்டரை மணிக்குப் பிறகு கட்டடத்தின் நிழல் தண்ணீரில் விழும், பாதிக் கூரை கிடைத்த மாதிரி. மேற்குப் பக்கம் என்றால் ஐந்து மணி வரை வேகும்.

அப்புறம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். முன்பதிவுத் தளத்தில் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ஹோட்டலின் வாட்ஸ்அப் எண்ணுக்கு இப்படி ஒன்றை அனுப்பலாம், கொழும்பு என்றால் ஆங்கிலத்தில்:

‘வணக்கம். பெரியவர்கள் இரண்டு பேர், 6, 9 வயதில் பிள்ளைகள் இரண்டு பேர். உங்கள் தடாகத்துக்கு மேலே கூரை இருக்கிறதா? பகல் 12 மணியில் இருந்து 4 மணி வரை திறந்திருக்குமா? இரவு எத்தனை மணிக்கு மூடுவீர்கள்? பிள்ளைகள் நிற்கிற பக்கம் எத்தனை அடி ஆழம்? நாங்கள் நிற்கும் நாட்களில் திருத்த வேலையோ, தடாகக் கரையில் விசேஷமோ இருக்கிறதா? இன்றைக்கு எடுத்த படம் ஒன்று அனுப்ப முடியுமா?’

கடைசிக் கேள்விக்கு வருகிற பதில் நிறையச் சொல்லும். ஐந்து நிமிடத்தில் படம் வந்தால் நல்ல ஹோட்டல். ‘இணையத்தில் பாருங்கள்’ என்றால் தடாகத்தில் தண்ணீரே இல்லாமலும் இருக்கலாம். 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கிற பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வற்றிப்போனது நினைவிருக்கும். தடாகம் என்பது ஹோட்டலுக்கு முதலில் கைவிடக்கூடிய செலவு. மழை பொய்த்த வருடம் ஏப்ரல், மே மாதங்களில் போகிறவர்கள் இதை வடிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விசேஷம் பற்றிய கேள்வியையும் விட்டுவிடாதீர்கள். மண்டபம் உள்ள ஹோட்டல்களில் தடாகக் கரையை வரவேற்புக்கு வாடகைக்கு விடுவார்கள். கொழும்பில் ஒரு ஹோட்டலில் நாங்கள் துவாயும் கையுமாக இறங்கிப் போனபோது தண்ணீரில் தாமரைப் பூவும் விளக்கும் மிதந்துகொண்டிருந்தன. மூன்று மணிக்கே மூடிவிட்டார்களாம். காசைத் திருப்பிக் கேட்க முடியாது, தடாகம் ‘கூடுதல் வசதி’ என்று ஒப்பந்தத்தில் இருந்தது. தமிழ்நாட்டில் ஆடி மாதம், அதாவது ஜூலை நடுப்பகுதியில் இருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை, பெரும்பாலும் கலியாணம் வைப்பதில்லை. ஐரோப்பியப் பள்ளி விடுமுறையும் அதே நேரம். அதனால் ஹோட்டல் மண்டபங்கள் ஓய்ந்திருக்கும். ஆனால் ஆடித் தள்ளுபடிக்கு சென்னை தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. காலையில் கடை திறந்ததும் போய், பன்னிரண்டுக்குள் ஹோட்டலுக்குத் திரும்பிவிடுகிற மாதிரித் திட்டம் போட்டால் பிழைப்பீர்கள்.

அப்படித் திரும்ப வேண்டுமென்றால் ஹோட்டல் தூரத்தில் இருக்கக்கூடாது. சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் பெரிய தடாகத்தோடு நல்ல அறைகள் மலிவாகக் கிடைக்கும்தான். ஆனால் தியாகராய நகரில் கடை, அங்கே அறை என்றால் மத்தியானம் முழுக்கக் காருக்குள் போய்விடும். அண்ணா சாலையில் மெட்ரோ ஓடுகிறது. விமான நிலையத்தில் இருந்து நேரே சைதாப்பேட்டை, நந்தனம், தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்கு என்று வரும். அந்த நிலையங்களில் இருந்து நடக்கிற தூரத்தில் ஹோட்டல் பார்த்தால் பாதி அலைச்சல் குறையும். மதுரையில் கோயிலைச் சுற்றிய வீதிகளில் இருப்பவை பெரும்பாலும் தங்கும் விடுதிகள், தடாகம் இராது. தடாகம் உள்ளவை அழகர்கோவில் சாலை, பசுமலை என்று தள்ளித்தான். அங்கே தூரத்தைச் சகித்துக்கொள்ளலாம், நடை சாத்தியதும் திரும்பி, நாலு மணிக்கு மறுபடி கிளம்பினால் போதும்.

யாழ்ப்பாணத்தில் தடாகம் உள்ள ஹோட்டல்களே கொஞ்சம், கூரை போட்டது தேடினாலும் கிடைப்பது அரிது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் அறைக்கே அடிபிடி. அங்கே தடாகத்தை மறந்துவிட்டுப் பிள்ளைகளைக் கீரிமலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர்க் கேணி, ஆண்களுக்கு வேறு, பெண்களுக்கு வேறு. பிள்ளைகள் எந்த ஹோட்டலையும் விட அதைத்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

உடுப்பு விஷயத்தில் மானம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பருத்தி உடுப்போடு பெரும்பாலான ஹோட்டல்களில் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். நூலும் சாயமும் வடிகட்டியில் போய் அடைக்கும் என்பார்கள். சாரத்தோடு இறங்கப் போகிற மாமாவையும், சுடிதாரோடு போகிற சித்தியையும் விசில் ஊதி ஏற்றிவிடுவார்கள். நைலோன், லைக்ரா துணியில் முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடுப்பு இப்போது எங்கும் கிடைக்கிறது, அதற்குத் தடையில்லை. வெளிநாட்டிலேயே வாங்கிக்கொண்டு வந்தால் அம்மம்மாவும் தைரியமாகத் தண்ணீரில் கால் வைப்பார். தலைத் தொப்பியும் பல இடங்களில் கட்டாயம், அங்கே வாங்கினால் இரண்டு மடங்கு. பெண்கள் கூச்சமில்லாமல் குளிக்க வேண்டுமென்றால், தடாகத்துக்கு எதிரே சாப்பாட்டு மண்டபத்தின் கண்ணாடிச் சுவர் இருக்கிறதா என்று படத்தில் பாருங்கள். கூரை இருந்தும் ஊரே பார்க்கிற தடாகங்கள் உண்டு.

உயிர்காப்பாளர் என்று சட்டையில் எழுதியிருப்பதை நம்பிப் பிள்ளையை விட்டுவிட்டுப் போனில் கதைத்துக்கொண்டிருக்க வேண்டாம். பல இடங்களில் அவர் துவாய் கொடுக்கிறவர், இலை பொறுக்குகிறவர், அவ்வளவுதான். ஆழத்தை அடிக் கணக்கில் எழுதியிருப்பார்கள்: மூன்றரை அடியில் தொடங்கி ஐந்து அடிக்குச் சரிவது வழக்கம். மீற்றரில் பழகிய பிள்ளைக்கு அந்த எண் ஒன்றும் சொல்லாது, நீங்கள் முதலில் இறங்கி நடந்து காட்டுங்கள்.

விலை. இந்தியாவில் 2025 செப்டெம்பர் 22 முதல் ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையான அறைக்கு 5 வீத வரி, அதற்கு மேல் 18 வீதம். 7,400 ரூபாய் அறை வரியோடு 7,770 ஆகும், 7,900 ரூபாய் அறை 9,322 ஆகிவிடும். இந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நிற்கிற அறையை எடுப்பது வீண். இலங்கையில் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 வீத சேவைக் கட்டணமும் 18 வீத வற் வரியும் அதன் மேல் ஏறும், 100 டொலர் என்று சொன்னது 130ஐத் தொடும். இலங்கை அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் உள்ளூர் விலை உண்டா என்று கேட்டுப் பார்ப்பதில் வெட்கமில்லை. இந்தியாவில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு தங்குகிறவர்களின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் ஹோட்டல் அரசுக்கு அறிவிக்க வேண்டும். கடவுச்சீட்டு, விசா, ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு கொடுக்கிற அட்டை) இருந்தால் அதுவும், பிள்ளைகளுடையது உட்படக் கையில் இருக்கட்டும். சின்ன விடுதிகள் சில இந்த வேலைக்குப் பயந்தே வெளிநாட்டவருக்கு அறை இல்லை என்பார்கள்.

புறப்படுகிற நாளுக்கும் ஒரு கேள்வி. கட்டுநாயக்காவில் இருந்தும் சென்னையில் இருந்தும் ஐரோப்பாவுக்குப் போக, நள்ளிரவிலும் விடியற்புறத்திலும் ஏறுகிறவர்கள் நிறைய. அறையையோ பதினொரு பன்னிரண்டு மணிக்கே விட வேண்டும். பெட்டிகளை வரவேற்பு மேசையில் விட்டுவிட்டுப் பின்னேரம் வரை தடாகத்தையும் குளியலறையையும் பாவிக்க விடுவார்களா என்று பதிவு செய்யும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பல ஹோட்டல்கள் காசில்லாமலே விடும். கூரைக்குள் இருக்கிற உடுப்பு மாற்றும் அறையில் எதுவும் காயாது, ஆகவே ஈர உடுப்புக்கு இறுக மூடுகிற பை ஒன்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.