ராஜினாமாவைவிட ஆபத்தான கையெழுத்து

போன மாதம் ஓர் இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். வேலையை விட்டுவிட்டாராம், இனி முழுநேரமும் எழுத்துதானாம். "கையில் எத்தனை மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறது?" என்று கேட்டேன். "மூன்று கட்டுரைக்குப் பணம் வரவேண்டியிருக்கிறது சார், நாவல் ஒன்றும் பேச்சில் இருக்கிறது" என்றார். ஒரு காலத்தில் நானும் அச்சு அசலாக இதையேதான் சொல்லித் திரிந்தேன். தினமும் எழுதுங்கள், விடியலில் எழுந்திருங்கள் என்பதையெல்லாம் சொல்ல ஆள் இருக்கிறார்கள். வேலையை விட்டு எழுத வருபவர்கள் செய்யும் சில தவறுகளை நான் சொல்கிறேன்.

வரவேண்டியதை வந்ததாக எண்ணுவது

கட்டுரையை ஏற்றுக்கொண்டோம் என்று கடிதம் வந்தால் பணம் வந்ததாக ஆகாது. பிரசுரமான பிறகே தரும் இதழ்கள் நிறைய. ராயல்டி, அதாவது விற்பனையில் எழுத்தாளருக்கு வரும் பங்கு, அதன் கணக்கு பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோதான். கடைகளிலிருந்து திரும்பிய பிரதிகளையும் அதில் கழிப்பார்கள். ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரோலப் 33 ஆண்டுகள் அஞ்சல் துறையில் இருந்துவிட்டு 1867இல்தான் விலகினார். அறுபது வயதுவரை இருந்தால் கிடைக்கும் ஓய்வூதியத்துக்கு ஈடான வருமானம் வருமளவுக்கு எழுத்தில் சம்பாதித்துச் சேர்த்துக்கொண்ட பிறகு.

உரிமையை மொத்தமாக எழுதிக்கொடுப்பது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. வேலையை விட்ட ஏழாவது மாதம். சேமிப்பு கரைந்து, இரண்டு மாத வாடகை பாக்கி. என் முதல் நாவலுக்கு ஒரு பதிப்பாளர் மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்னார். வாடகை, மளிகை எல்லாம் சேர்த்து மூன்று மாதம் தள்ளலாம். ஒப்பந்தம் இரண்டே தாள். 'இப்போதுள்ள, இனி வரக்கூடிய எல்லா வடிவங்களிலும், எல்லா மொழிகளிலும்' என்ற வரியைப் படித்தேன். படித்துவிட்டுத்தான், இனி என்ன புது வடிவம் வந்துவிடப்போகிறது என்று நினைத்து, அவர் நீட்டிய பேனாவிலேயே கையெழுத்துப் போட்டேன்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு நண்பர், "உன் நாவலைக் கேட்டுக்கொண்டே சமைத்தேன்" என்றார். "கேட்டா?" என்றேன். ஒலிநூல் வந்து ஆறு மாதமாகியிருந்தது. பிறகு இரண்டு மொழிபெயர்ப்புகளும் வந்தன. எனக்குச் சல்லிக்காசு இல்லை, கேட்கவும் வழியில்லை.

உரிமம் தருவது வீட்டை வாடகைக்கு விடுவது போல. உரிமையை மாற்றிக்கொடுப்பது பத்திரம் எழுதி விற்பது. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கைப்படி இலக்கியப் படைப்பின் பதிப்புரிமை எழுதியவரின் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் குறைந்தது 50 ஆண்டுகளும் நீடிக்கும். அத்தனையையும் மூன்று மாத மளிகைக்குக் கொடுத்தவன் நான்.

ஒரு மொழி, அச்சு வடிவம், இத்தனை ஆண்டுகள் என்று எல்லை கட்டிக் கொடுங்கள். புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை திரும்ப வேண்டும், மற்றவை எழுத்தாளரிடமே இருக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பதிப்பாளர் எழுந்து போய்விட்டால்? போகட்டும் என்று சொல்லத்தான் கையிருப்பு. ஓராண்டுச் செலவை ஒதுக்கிவிட்டு வேலையை விடுங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

அலுவலகத்தில் சண்டை போட்டுவிட்டு வருவது

வேண்டாம். முதல் எழுத்து வேலையை அவர்களே தரக்கூடும்.

வருமான வரிக்கு எடுத்துவைக்காதது

பணம் வந்த அன்றே எடுத்துவையுங்கள்.

அந்த இளைஞர் நேற்று தன் ஒப்பந்தத்தை அனுப்பியிருந்தார். இரண்டாம் பக்கத்தில் அதே 'இனி வரக்கூடிய'. சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை.