அந்நிய மொழி பேசப் பயமா? சுபாவத்தின் மேல் பழி போடாதீர்கள்

ஜெர்மன் வகுப்பில் சேர்ந்த பிள்ளை வாயே திறப்பதில்லை என்றால், "அவனுக்குக் கூச்ச சுபாவம், அவ்வளவுதான்" என்று விட்டுவிடுகிறோம். இதுதான் முதல் தவறு; மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. அளந்து பேசுவது வேறு, பதறுவது வேறு. ஆளுமையை ஐந்து கூறுகளாகப் பார்க்கும் உளவியலில் கலகலப்பு ஒரு கூறு, எளிதில் கவலைப்படும் இயல்பு இன்னொன்று. கலகலப்பானவர்களுக்குப் பயம் பொதுவாகச் சற்றுக் குறைவுதான். ஆனாலும் அந்தக் கவலை இயல்பை விட்டுவிட்டுக் கூச்சத்தை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும். கேன்டீனில் வாய் ஓயாதவருக்கும், வகுப்பில் தன் முறை நெருங்கும்போது உள்ளங்கை வியர்க்கலாம். "இவனுக்கென்ன பயம்" என்று ஆசிரியரும் கவனிக்காமல் போய்விடுவார்.

அடுத்தது, வாக்கியம் முழுசாகச் சரியான பிறகுதான் பேசுவேன் என்ற பிடிவாதம். என் கணிப்பில் அதிகம் கெடுப்பது இதுதான். அமெரிக்க ஆய்வாளர்கள் டாமி கிரெகர்சனும் எலைன் ஹார்விட்ஸும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சிலி நாட்டில் ஆங்கிலம் படித்த மாணவர்களைப் பேசவைத்துப் படம்பிடித்து, அதை அவர்களுக்கே போட்டுக் காட்டினார்கள். அந்நிய மொழி பேசப் பயந்தவர்கள் தங்கள் பிழைகளை உள்ளதைவிடப் பெரிதாக எண்ணி நொந்துபோனார்கள். பதறாதவர்களோ, சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டோமே என்று திருப்திப்பட்டார்கள். ஆகவே பேசி முடித்ததும் எத்தனை பிழை என்று எண்ணாதீர்கள். எதிரில் இருந்தவருக்கு விஷயம் புரிந்ததா என்று மட்டும் பாருங்கள்.

"மேடையில் ஏறிப் பேசு, பயம் தானா போயிடும்" என்று தள்ளிவிடுவதும் வேண்டாம். இதே ஹார்விட்ஸ் 1986-ல் சக ஆய்வாளர்களோடு அந்நிய மொழி வகுப்பில் வரும் பதற்றத்தை அளக்க உருவாக்கிய 33 கூற்றுகள் கொண்ட அளவுகோல், மற்றவர்கள் நம்மைக் குறைவாக எடைபோடுவார்களோ என்ற அச்சத்தையும் சேர்த்தே அளக்கிறது. அந்த அச்சம் உள்ளவரை 40 பேர் முன்னால் நிறுத்தினால் அது கூடத்தான் செய்யும். முதலில் ஒருவரோடு பேசட்டும், பிறகு நாலைந்து பேரோடு. பேசும்போது நடுவில் மறித்துத் திருத்தாதீர்கள், முடிக்கட்டும்.

இணையத்தில் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லி, "நீங்கள் உள்முக சிந்தனையாளர்" என்று வந்ததும் வகுப்பையே நிறுத்துபவர்கள் உண்டு. அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். கவலைப்படும் இயல்பு லேசில் மாறாதுதான். ஆனால் அந்த மொழியை வகுப்புக்கு வெளியே அடிக்கடி, பலரோடு பேசுபவர்களுக்குப் பதற்றம் குறைவாக இருப்பதைப் பன்மொழியாளர்களிடையே நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. இந்த வாரமே அதே மொழி படிக்கும் ஒருவருக்கு அதிலேயே ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள். அனுப்புமுன் திரும்பக் கேட்டு அழிக்காதீர்கள்.