குளிப்பாட்டியும் போகாத தெள்ளுப்பூச்சி

எங்கள் நாய் வாலின் அடிப்பகுதியைக் கடித்துக்கொண்டே இருந்தது. ரோமத்துக்குள் மிளகுத்தூள் போலக் கருந்துகள்கள். பார்த்தால் மண்தான்; ஈரப் பஞ்சில் வைத்தால் செம்பழுப்பாகக் கசியும். தெள்ளுப்பூச்சியின் எச்சம் அது, செரித்த இரத்தம்.

வேப்பெண்ணெய், ஷாம்பு, பவுடர் எதுவும் பலிக்கவில்லை. கால்நடை மருத்துவர் எடைக்கேற்ற சொட்டு மருந்தைப் பிடரியில், ரோமத்தை விலக்கித் தோலில் படும்படி விட்டார். அதன் பிறகும் புதுப் பூச்சிகள் வந்தன. முட்டைகள் நாயின் மேலிருந்து உதிர்ந்து வீடெங்கும் கிடக்கின்றன. முட்டையிலிருந்து வந்த புழு கூடு கட்டிக்கொண்டால், அதை மருந்து எளிதில் எட்டாது. நாயின் விரிப்பை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து, சோபா இடுக்குகளை வாக்குவம் கிளீனரால் தினமும் உறிஞ்சி, மாதம் தவறாமல் மருந்தும் விட்ட பிறகே ஓய்ந்தது. அப்பாடா!

பூனையும் வளர்ப்பவர்கள் கவனிக்க: பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்து பூனையின் உயிரையே பறிக்கக்கூடும்.