கேமிங் லேப்டாப் வாங்கப் போறீங்களா? கிராஃபிக்ஸ் கார்டு பேரை விட வாட் முக்கியம்

கும்பகோணத்துல படிக்கிற அக்கா மகனுக்கு லேப்டாப் தேடினப்போ நான் போன வழி இது. பட்ஜெட்டையும் ஸ்கிரீன் சைஸையும் நீங்க முடிவு பண்ணிட்டீங்கன்னு வெச்சுக்கறேன்.

1. பேரை மட்டும் நம்பாதீங்க. என்விடியா கம்பெனியோட டெஸ்க்டாப் கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4070-ல 12 ஜிபி விராம் (கார்டோட சொந்த மெமரி) இருக்கு. அதே பேர்ல லேப்டாப்புக்கு வர்றதுல 8 ஜிபிதான், சிப்பும் வேற. யூடியூப் டெஸ்ட் பார்த்தா அது லேப்டாப்ல எடுத்ததான்னு கவனிங்க.

2. வாட்டைக் கண்டுபிடிங்க, அதாவது கார்டுக்கு எவ்வளவு பவர் போகுதுன்னு. எனக்கு ரொம்ப நேரம் பிடிச்சது இதுலதான். ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டை 35 வாட்லேர்ந்து 115 வாட் வரை லேப்டாப் கம்பெனி தன் இஷ்டத்துக்கு வெச்சுக்கலாம். டைனமிக் பூஸ்ட் (ப்ராசஸர் பயன்படுத்தாத பவரை கார்டுக்குத் திருப்பி விடுற வசதி) சேர்ந்தா 140 வரை போகும். ஒல்லியான மாடல்ல சூடு தாங்காதுன்னு குறைச்சு வெச்சிருப்பாங்க. வெளியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் ஒல்லி மாடல், தடி மாடல் ரெண்டுலயும் ஒண்ணுதான், கேம்ல வர்ற வேகம் ஒண்ணு இல்ல. ஆன்லைன் கடைப் பக்கங்கள்ல பெரும்பாலும் இந்த விவரம் இருக்காது. முழு மாடல் நம்பரை எடுத்து, கம்பெனியோட சொந்த சைட்ல டிஜிபின்னு (TGP, கார்டுக்கான மொத்த வாட்) தேடுங்க.

தஞ்சாவூரோ திருச்சியோ, கடைக்கு நேரா போனா இன்னும் சுலபம். டிஸ்ப்ளே பீஸ்ல டெஸ்க்டாப்பை ரைட் கிளிக் பண்ணுங்க. விண்டோஸ் 11-ல 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' உள்ள என்விடியா கண்ட்ரோல் பேனல் ஒளிஞ்சிருக்கும். அதைத் திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷன் போனா, மேக்ஸிமம் கிராஃபிக்ஸ் பவர்னு ஒரு வரி வரும். அதை போட்டோ எடுத்துக்கோங்க.

3. விராம் 8 ஜிபிக்குக் கீழ வேண்டாம்னுதான் சொல்வேன். ரேம் பல மாடல்கள்ல அப்புறம் போட்டுக்கலாம், கிராஃபிக்ஸ் கார்டை மாத்த முடியாது. காசை இங்க போடுங்க.

4. ரிவ்யூவுக்கு நோட்புக்செக்ங்கிற வெப்சைட் என் முதல் சாய்ஸ். சூடு, சத்தம் எல்லாத்தையும் அளந்து போடுறாங்க. ஆனா நம்ம கத்திரி வெயில்ல, ஏசி இல்லாத ரூம்ல சூடு அதை விட ஏறும். அடியில காத்து போக வழி இருக்கிற மாடலா எடுங்க; பாய், மெத்தை மேல வெச்சு விளையாட விடாதீங்க.

பின்சேர்க்கை: மன்னார்குடி பக்கத்துலேர்ந்து ஒருத்தர், "140 வாட்னு காட்டுது, ஆனா கேம் திணறுது"ன்னு கேட்டிருந்தார். கரண்ட் கட் ஆகி பேட்டரில ஓடியிருக்கு. பேட்டரியிலயும் சின்ன டைப்-சி சார்ஜர்லயும் கார்டுக்கு முழு பவர் போகாது. கூட வந்த அடாப்டரைப் போட்டு, பெர்ஃபார்மன்ஸ் மோட் வெச்சு, எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) சாஃப்ட்வேர்ல கார்டு எத்தனை வாட் இழுக்குதுன்னு பாருங்க. அந்த அடாப்டர் 200 வாட்டுக்கு மேலயும் இருக்கும், வீட்டு இன்வெர்ட்டர் தாங்குமான்னு முதல்ல எலக்ட்ரீஷியன்கிட்ட கேட்டுக்கோங்க.